பக்கத்து வீட்டுக் கூரை வழியாக ஃபைபர்: தடுக்க அவருக்கு உரிமை உண்டா?

செந்தூலிலிருந்து ஒரு வாசகர், 11 செப்டம்பர் 2024

எங்களுடையது தெரஸ் (ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள்) வரிசையில் நடு வீடு. கம்பம் மூன்று வீடு தள்ளி இருக்கிறது. ஃபைபர் போட வந்த பையன்கள், பக்கத்து வீட்டுக் கூரை விளிம்புப் பலகையில் ஒயரை ஓட்டித்தான் கொண்டுவர முடியும் என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டில் ஓர் ஆணி விழக்கூடாது" என்று நின்றுவிட்டார். இன்டர்நெட் இப்போது தண்ணீர், கரண்ட் மாதிரிதானே? சட்டப்படி அவர் தடுக்க முடியாது என்று ஆபீசில் சொல்கிறார்கள். போலீஸ் ரிப்போர்ட் போடலாமா?

11 செப்டம்பர் 2024, இரவு

செந்தூல் வாசகருக்கு என் பதில்: போலீசுக்குப் போகாதீர்கள். எழுதி வாங்கிக்கொண்டு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் மிச்சம் இருக்கிற பேச்சும் போய்விடும்.

ஆபீசில் சொன்னது பாதி சரி. 1998ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் (588ஆவது சட்டம்) உரிமம் பெற்ற நிறுவனம் அடுத்தவர் நிலத்தில் நுழைந்து கம்பமோ ஒயரோ போட வழி வைத்திருக்கிறார்கள். முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், சேதத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் நிறுவனத்துக்கு. மாதக் கட்டணம் கட்டுகிற உங்களுக்கும் எனக்கும் கிடையாது. ஒரு வீட்டு இணைப்புக்காக அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. வருவது ஒரு வேன், ஓர் ஏணி, இரண்டு பையன்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. தகராறு என்று தெரிந்தால் "பக்கத்து வீட்டார் ஆட்சேபம்" என்று போனில் தட்டிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்த வருடம் மட்டும் என் ஆர்டர் இப்படி இரண்டு முறை மூடப்பட்டுவிட்டது. நான் இருப்பது பினாங்கு, ஜெலுத்தோங். மூலை வீட்டில் ஒரு ஆ சிம் (சீனப் பெரியம்மா), அடுத்து ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார், அதற்கடுத்து நாங்கள். கம்பம் ஆ சிம் வீட்டு வாசலில். தடுப்பது வாத்தியார். எனக்குப் படிப்பு சொல்லித் தந்தவர் இல்லை, ஆனாலும் எங்கள் லோரோங்கில் (சந்தில்) எல்லோருக்கும் அவர் சார்தான். 22 வருடப் பழக்கம். காரணம் கேட்டால் "வேண்டாம் தம்பி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

உங்கள் அண்ணனாவது ஏணியைப் பிடித்தார். சார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

12 செப்டம்பர் 2024, காலை

ராத்திரி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆணியே அடிக்காமல் காற்றில் இழுத்துக்கொண்டு போனால் அவர் என்ன செய்ய முடியும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தேசிய நிலச் சட்டத்தின் 44ஆவது பிரிவைப் பாருங்கள். நிலத்தை நியாயமாக அனுபவிக்கத் தேவையான அளவுக்கு அதன் மேலே உள்ள காற்றுவெளியும் நிலக்காரருக்குச் சேரும். ஆகாய விமானத்தை நிறுத்த முடியாது, கார் போர்ச்சுக்கு மேலே இரண்டடி உயரத்தில் தொங்குகிற ஒயரைக் கேள்வி கேட்கலாம்.

12 செப்டம்பர் 2024, மதியம்

அப்படியானால் அவர் வீட்டுக்கு மேலே காற்றாடிப் பட்டம் விடவும் அனுமதி வேண்டுமா என்று கேட்டவருக்கு: இல்லை, பட்டம் விட சாரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

15 செப்டம்பர் 2024

மலேசியா தினத்துக்கு முந்தின நாள், வீட்டில் யாருக்கும் வேலை இல்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

பழைய செப்பு ஒயர் காலத்தில் இந்தச் சண்டையெல்லாம் இல்லை. வீட்டுக்குப் போன் வேண்டும், ஒயர் வந்தது, யார் கூரையில் போகிறது என்று எவரும் அண்ணாந்து பார்த்ததில்லை. அதே ஒயரில் ஸ்ட்ரீமிக்ஸ் இன்டர்நெட் வந்தது, அதற்கும் புதிதாக ஒன்றும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. 2010 மார்ச்சில் யூனிஃபை ஃபைபர் சேவை தொடங்கியபோது முதலில் கிடைத்த இடங்கள் எல்லாம் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம்தான். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்துக்கு மாதம் 149 ரிங்கிட். அந்த விளம்பரத்தைப் பார்த்து நான் சிரித்தேன், யாருக்கு இவ்வளவு வேகம் வேண்டும் என்று. அதே நான் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் வீட்டுக்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் வீடியோவில் பேச முடியாமல் தலையில் அடித்துக்கொண்டேன். சின்ன மகள் வகுப்புக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்து போன் டேட்டாவில் படித்தாள். 2021இல் செப்பு இணைப்பை நிறுத்திவிட்டு சிம் கார்டு போடும் ரூட்டருக்கு மாறினோம். மழை வந்தால் அதுவும் படுத்துக்கொள்ளும். இந்த ஜூலையில்தான் ஃபைபருக்கு எழுதிப் போட்டேன்.

முதல் முறை வந்த பையன்கள் ஆ சிம் வீட்டிலேயே சிக்கிக்கொண்டார்கள். வாசலில் சிவப்பாகத் தொங்குகிறதே தீ கோங் (சீனர்களின் வானுலகத் தெய்வம்) சாமி மாடம், சரியாக அதற்கு மேலே ஒயர் போகிற மாதிரி அளவெடுத்தார்கள். ஆ சிம் துடைப்பத்தோடு வந்துவிட்டார். மாடத்துக்கு இந்தப் பக்கம் போடுங்கள் என்று நான் உடைந்த ஹொக்கியன் சீன மொழியில் சமாதானம் செய்து முடித்தேன். ஏணியைத் தூக்கிச் சார் வீட்டு வாசலுக்குப் போனோம். "வேண்டாம் தம்பி."

இரண்டாவது முறை, ஆகஸ்ட்டில், சார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வரச் சொன்னேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பையன் பாதி ஏணி ஏறியிருந்தான், சாரின் மனைவி டீச்சரம்மா ஜன்னலைத் திறந்து, "சார் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்" என்றார். அவன் இறங்கிவிட்டான்.

20 செப்டம்பர் 2024

கூலிமிலிருந்து எழுதியவருக்கு: ஃபைபர் ஒயர் மின்னலைக் கூரைக்கு இழுத்து வரும் என்று பக்கத்து வீட்டார் பயப்படுவதற்குக் காரணமே இல்லை. உள்ளே இருப்பது கண்ணாடி. 0.125 மில்லிமீட்டர் கனம், அதிலும் வெளிச்சம் ஓடுவது நடுவில் உள்ள மெல்லிய பகுதியில் மட்டும். கண்ணாடியில் கரண்ட் ஓடாது.

உங்கள் ஒயர் அவர்கள் வீட்டு இன்டர்நெட் வேகத்தை உறிஞ்சிவிடும் என்பதும் வீண் பயம். கம்பத்துப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஓர் ஒயர் தனியாகப் பிரிந்து வருகிறது. கூரையைத் தொட்டுக்கொண்டு போவதால் அங்கே எதுவும் குறையாது.

21 செப்டம்பர் 2024

திருத்தம். என் மச்சான் பட்டர்வொர்த்தில் ஆறு வருடம் கேபிள் கான்ட்ராக்டில் ஏணி ஏறியவன். நேற்றையதைப் படித்துவிட்டுப் போன் போட்டுத் திட்டினான். "மாமா, கண்ணாடி சரி, அதைத் தூக்கிக்கொண்டு வருவது யார்?" கம்பத்திலிருந்து காற்றில் வரும் ட்ராப் கேபிளில் ஒரு பக்கம் இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். குறுக்கே வெட்டினால் எட்டு மாதிரி தெரியும். ஒயரின் பாரத்தைத் தாங்குவது அந்தக் கம்பிதான், அதில் கரண்ட் நன்றாகவே ஓடும். சுவருக்கு வந்ததும் கம்பியைப் பிரித்துக் கொக்கியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடிப் பகுதியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அவசரத்தில் சிலர் கம்பியோடு டிவி மேசை வரை கொண்டுவந்துவிடுகிறார்களாம்.

ஆகவே கூலிம் பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் பயம் அர்த்தம் இல்லாததாக இல்லை.

அவன் சொன்ன இன்னொன்று: மூலையில் ஒயரைச் சதுரமாக மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். இழை உடையாவிட்டாலும் வெளிச்சம் வளைவில் வழிந்துவிடும், வீட்டுப் பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரியும். பழைய வகை இழைக்கு 3 சென்டிமீட்டர் ஆரமாவது வேண்டும், புது வகை அதைவிட இறுக்கமான வளைவையும் தாங்கும். அறுந்த நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

25 செப்டம்பர் 2024

கொண்டோவில் (அடுக்குமாடியில்) இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் கதை வேறு. நடைபாதைச் சுவர், ஒயர் ஏறும் குழிப்பாதை எல்லாம் பொதுச் சொத்து. எதிர் வீட்டுக்காரர் "என் கதவுக்கு மேலே போகக்கூடாது" என்று சொன்னால் அதைத் தீர்மானிக்க வேண்டியது மேனேஜ்மென்ட்தான். மேனேஜ்மென்ட்டும் அசையவில்லை என்றால் 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயம் இருக்கிறது. எங்களைப் போன்ற தெரஸ்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிறுவனத்தின் சேவையைப் பற்றி என்றால் தகவல்தொடர்பு நுகர்வோர் மன்றத்திடம் போகலாம், பக்கத்து வீட்டாரைப் பற்றி அங்கே போய் நிற்க முடியாது.

2 அக்டோபர் 2024

செந்தூல் நண்பர் திரும்ப வந்திருக்கிறார். அதே பலகையில் தன்னுடைய பழைய போன் ஒயர் 20 வருடமாக ஓடுகிறதாம். இத்தனை வருடம் போனதால் அந்தப் பாதையில் உரிமை வந்துவிடாதா?

வராது. ஆங்கிலேயச் சட்டத்தில் அப்படி ஒன்று உண்டு, நம் நிலச் சட்டம் அதை ஏற்கவில்லை. அடுத்தவர் நிலத்தில் வழி உரிமை வேண்டும் என்றால் அவர் எழுதிக் கொடுத்து நில அலுவலகத்தில் பதிய வேண்டும். நாள் கணக்கு எத்தனை ஆனாலும் போதாது.

உங்கள் கேள்வியைப் படித்த பிறகு எனக்கே ஒரு சந்தேகம். என் பழைய ஒயர் என்ன ஆனது? இணைப்பை நிறுத்தினேன். ஒயரை யாராவது கழற்றினார்களா?

13 அக்டோபர் 2024

யாரும் கழற்றவில்லை.

மூன்று நாளாக விடாத மழை. இன்று காலை கொஞ்சம் விட்டதும் ஏணி போட்டு என் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். என் செத்த செப்பு ஒயர் சாருடைய பலகை நெடுக அப்படியே ஓடுகிறது. பலகை முடிந்து தகரம் தொடங்கும் இடத்தில், அவர் கார் போர்ச்சின் தகரத்தையே துளைத்து மூன்று ஸ்க்ரூ. மூன்றும் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகியிருக்கிறது. கீழே சிமெண்ட் பூசிய தடம், அதன் மேல் கறுப்பாகத் தார் பூசிய தடம், அதற்கும் மேல் வெள்ளையாக சிலிகன். ஒருவர் பல வருடமாக அந்த ஓட்டைகளோடு போராடியிருக்கிறார். அந்த ஒருவர் நான் இல்லை.

செப்டம்பரில் இங்கே எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். "காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்" என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! வழக்குப் போட நினைத்திருந்தால் அவர்தான் என் மேல் போட்டிருக்க முடியும். 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கையாகவே கொண்டுபோகலாம், வக்கீல் கூடத் தேவையில்லை.

இதற்குப் பதில் எதுவும் எழுதாதீர்கள். முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

14 அக்டோபர் 2024

போகவில்லை. மழை.

(மழை ஒரு சாக்கு. நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.)

1 நவம்பர் 2024

நேற்று தீபாவளி. முறுக்குத் தட்டை மனைவி எடுத்துக்கொண்டு கிளம்பினாள், நான் கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். கேட்டதற்கு, "டீச்சரம்மா நாலு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னாங்க. உங்ககிட்ட சொன்னா ஏணி போட்டுச் சண்டைக்குப் போவீங்க" என்றாள்.

சார் உள்ளே கூப்பிட்டார். போர்ச்சிலிருந்து முன் அறை வரை கூரைப் பலகையில் பழுப்பாக ஒரு கறை, பினாங்குத் தீவு வரைபடம் மாதிரி. அதற்கு நேர் கீழேதான் அவருடைய புத்தக அலமாரி இருந்ததாம், இப்போது பின்னறைக்குத் தள்ளிவிட்டார். 12 வருடச் சஞ்சிகைக் கட்டு ஒன்று நனைந்து ஒட்டிக்கொண்டு தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. இதைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை.

"ஏன் சார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"உங்கள் ஒயர் தம்பி. நீங்களே பார்ப்பீர்கள் என்று இருந்தேன்."

மன்னிப்பு கேட்டேன். அவர் அதிரசத்தை என் பக்கம் தள்ளினார்.

4 நவம்பர் 2024

மச்சான் வந்து செப்பு ஒயரை முழுக்க உருவி எடுத்தான். தகரத்தை மாற்றினோம், 340 ரிங்கிட், நான் கொடுத்தேன். சார் பாதி தருகிறேன் என்று மூன்று முறை கேட்டார்.

கேட்டவர்களுக்காக: இப்போதும் ஃபைபரைத் தன் கூரையில் போட அவர் சம்மதிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

9 நவம்பர் 2024

மாற்று வழி. இதைச் செந்தூல் நண்பர் கவனமாகப் படிக்கவும்.

மச்சான் தெருவில் நின்று பார்த்துவிட்டு, கூரையை ஏன் தொட வேண்டும் என்று கேட்டான். கம்பம் சாலையோரத்தில், எங்கள் கேட்டும் சாலையோரத்தில், இடையில் 45 அடி. எங்கள் கேட் தூணுக்குப் பக்கத்தில் துத்தநாகம் பூசிய ஓர் இரும்புக் குழாய் நட்டால் ஒயர் வடிகாலுக்கு மேலேயே நேராக வந்துவிடும். ஆ சிம் வீட்டுக்குள்ளோ சார் வீட்டுக்குள்ளோ ஓர் அங்குலம் நுழையாது. குழாயிலிருந்து தரைக்கு இறக்கி, பிவிசி குழாய்க்குள் விட்டு, எங்கள் வாசல் சிமெண்டுக்கு அடியில் வீட்டுக்குள். மணல் லாரி வந்தால் தட்டாத அளவுக்கு உயரம் வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. கிரில் பட்டறையில் வெல்டிங்கோடு 210 ரிங்கிட் ஆனது.

இரண்டு முறை ஆர்டரை மூடியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. கூரை விளிம்பு சுலபம், அரை மணி நேரத்தில் முடியும். நானும் கேட்கத் தோன்றாமல் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

12 நவம்பர் 2024

வீட்டுக்குள் நுழையாவிட்டாலும் இரண்டு வாசலுக்கு எதிரே போகிறதே என்று ஒரு சம்மதக் கடிதம் எழுதினேன். ஆ சிம்முக்கு மலாயில், சாருக்குத் தமிழில். ஒயர் எந்த வழி, என்ன உயரம், சேதம் வந்தால் யார் பொறுப்பு, இணைப்பை நிறுத்தினால் 30 நாளுக்குள் ஒயரைக் கழற்றுவேன். கடைசி வரி நானாகச் சேர்த்தது.

ஆ சிம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சாருடையது மறுநாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் நான்கு ஒற்றுப் பிழை, ஒரு ல-ள குழப்பம், "பொருப்பு" என்று எழுதியதற்குக் கீழே இரட்டைக் கோடு. ஓரத்தில் "கவனம்". அடியில் கையெழுத்தும் தேதியும். மதிப்பெண் போடவில்லை.

23 நவம்பர் 2024

வந்தது. விளக்கு பச்சை. மூன்றாவது ஆர்டருக்கு வந்தவர்கள் குழாயைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார்கள், 40 நிமிட வேலை. இரும்புக் கம்பியைக் குழாய் உச்சியிலேயே நிறுத்தச் சொன்னேன். தெரிந்த மாதிரி பேசியதில் அந்தப் பையன் நீங்களும் இந்த வேலையா அங்கிள் என்று கேட்டான்.

6 பிப்ரவரி 2025

இந்தத் தொடருக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி ஹொக்கியன்காரர்களின் தீ கோங் பூஜை, சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கும் நடுநிசி. வேரோடு முழுக் கரும்பு நிறுத்துவார்கள், தெரியும்தானே. ஆ சிம்மின் மகன் வாங்கி வந்தது நல்ல உயரம், அவர்கள் வாசலில் நிறுத்தினால் தோகை என் ஒயரில் போய் மாட்டுகிறது. ஒடித்து வைப்பதா என்று அம்மாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். நான் இறங்கிப் போய் மூங்கிலால் ஒயரைத் தூக்கிப் பிடித்தேன், சார் கரும்பைச் சாய்த்து உள்ளே இழுத்தார். பதினொன்றரை மணிக்கு, பனியனோடு, 74 வயதில்.

காலையில் இரண்டு வீட்டுக்கும் கரும்புத் துண்டு வந்தது. தைப்பூச விரதத்தில் இருப்பதால் சார் வீட்டுக்கு மட்டும் மீகூ (பூஜைக்குப் படைக்கும் சிவப்பு ரொட்டி) வரவில்லை, அது எங்களுக்கு இரட்டிப்பாக வந்தது.

17 மார்ச் 2025

செந்தூல் நண்பர் எழுதியிருக்கிறார். அவருடைய பக்கத்து வீட்டு அண்ணனின் காரணம் மின்னலும் இல்லை, ஓட்டையும் இல்லை. ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு மூத்த மகளின் மாமியார் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள் என்று பெயின்ட் அடித்திருந்தாராம், அந்தப் புதுப் பெயின்டில் ஆணி அடிக்க மனம் வரவில்லை. ஆறு மாதம் கழித்து இவர் மெதுவாகக் கேட்டபோது "முதல் நாளே கேட்டிருந்தால் பின்பக்கமாகப் போடச் சொல்லியிருப்பேனே" என்றாராம். இப்போது பின் லோரோங் வழியாக வந்துவிட்டது. நண்பருக்கு வாழ்த்து.

அது சரி, செப்டம்பரில் அடித்த பெயின்ட் மார்ச் இறுதி ராயாவுக்கா? அண்ணன் முன்கூட்டியே திட்டமிடுகிறவர் போலிருக்கிறது. இல்லை, காரணம் இன்னும் வரவில்லையோ?

29 மார்ச் 2025

சார் வீட்டுக்கு ஃபைபர் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் எழுதிப் போட்டிருக்கிறான். வந்த பையன்கள் என் குழாயைப் பார்த்துவிட்டு, இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார்கள். தாராளமாக என்று சொல்வதற்குள் இரண்டு விநாடி ஆகிவிட்டது. குழாய் இரண்டு ஒயரின் இழுப்பைத் தாங்குமா, என் ஒயரைத் தெரியாமல் பிடுங்கிவிடுவார்களா என்றெல்லாம் அந்த இரண்டு விநாடிக்குள் ஓடியது. சார் கேட்டருகே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அவரிடமிருந்து ஒரு சம்மதக் கடிதம் வந்தது, என் கடிதத்தில் இருந்த அதே நிபந்தனைகள், அச்சு மாதிரி கையெழுத்தில். மகளின் சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டேன். ஒரு பிழை கிடைக்கவில்லை.